மாலைப் படங்களின் மங்கல் தீர்ந்தது

வேலை முடிந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பும்போது, முட்டுக்காடு பாலத்தருகே உப்பங்கழியின் மேற்கே இறங்கும் சூரியனையும் கொக்குகளையும் எடுத்த படங்கள் பால் படிந்ததுபோல் மங்கலாகவே வந்தன. வீட்டில் லென்ஸைத் துடைத்தேன், ஃபில்டரைக் கழற்றினேன், ஃபோகஸ் முறையை மாற்றினேன். பழுதுபார்க்கும் கடையிலும் குறையேதும் இல்லை என்றார்கள்.

படங்களை நேர வரிசையில் அடுக்கியபோதுதான், ஒவ்வொரு மாலையும் முதலில் எடுத்தவை மட்டுமே மங்கியிருப்பதும், இருட்டும் நேரத்தில் எடுத்தவற்றில் கொக்கின் கழுத்திறகு கூடத் துல்லியமாகத் தெரிவதும் கண்ணில் பட்டன. நாள் முழுதும் ஏசி அறையில் குளிர்ந்த கண்ணாடியின்மேல் கடற்கரையின் ஈரக்காற்று பட்டதும் மெல்லிய நீர்ப்படலம் படிந்து, கண்ணாடி சூடேறியதும் மறைந்துவிடுகிறது.

இப்போது அலுவலகத்திலேயே கேமராவை ஜிப் கவரில் காற்றுப் புகாமல் மூடுகிறேன். ஈரம் கவரின் வெளிப்புறத்தில் படிந்து, அது காய்ந்த பிறகே திறக்கிறேன். படங்கள் தெளிவாக வருவதில் பெரிய நிம்மதி. சூரியன் சீக்கிரம் மறையும் கார்த்திகை, மார்கழி மாதங்களில், கிளம்புவதற்கு அரை மணி முன்பே கவரோடு ஏசி அறைக்கு வெளியே வைத்துவிடுவது நல்லது.