அணுவில் அறத்தைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயற்கை தன் போக்கிலேயே நன்மையை நோக்கிப் போகிறதா? இந்தக் கேள்விக்கு அணு அறிவியலில் பதில் தேடுகிறவர்கள் பலர். எனக்கும் அந்த ஆசை இருந்தது, இன்னும் முழுதாக விட்டுப்போகவில்லை. உலகத்தின் அடித்தளத்திலேயே ஒரு நல்லெண்ணம் இருக்கிறது என்று தெரிந்தால் யாருக்குத்தான் ஆறுதலாக இருக்காது? ஆனால் அந்த அவசரத்தில், அணு சொல்லாததை எல்லாம் அது சொன்னதாக எழுதிவிடுகிறோம்.

முதல் சறுக்கல் பள்ளிக்கூடத்திலேயே நடக்கிறது. சோடியம் தன் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் 'கொடுக்கிறது', குளோரின் 'வாங்கிக்கொள்கிறது', இரண்டும் 'திருப்தி' அடைகின்றன, உப்பு பிறக்கிறது. சொல்லிக்கொடுக்க எளிதான கதை. இதை அப்படியே பிடித்துக்கொண்டு, "பாருங்கள், அணுவிலேயே ஈகை இருக்கிறது" என்று பேசுகிறவர்களும் உண்டு.

சரி, கணக்கைப் பார்ப்போம். தனியாக இருக்கும் ஒரு சோடியம் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 5.14 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் சிறு அலகு) செலவாகிறது. அதைக் குளோரின் அணுவிடம் சேர்த்தால் திரும்பக் கிடைப்பது 3.61 தான். ஏறக்குறைய ஒன்றரை எலக்ட்ரான் வோல்ட் நஷ்டம். அப்படியானால் உப்பு எப்படி உண்டாகிறது? எலக்ட்ரானை இழந்த சோடியம் நேர்மின் அயனியாகவும் அதைப் பெற்ற குளோரின் எதிர்மின் அயனியாகவும் மாறி, ஒன்றையொன்று இழுத்து நெருங்கிப் படிகமாக அடுக்கும்போது வெளிவரும் ஆற்றல், அந்த நஷ்டத்தை ஈடுகட்டி மிச்சமும் தருகிறது. சோடியம் மனமுவந்து எதையும் கொடுக்கவில்லை. மொத்த ஆற்றல் குறைகிற பக்கமாக எல்லாம் சரிந்தது, அவ்வளவுதான். 'கொடுக்கிறது', 'விரும்புகிறது' என்ற சொற்களை வகுப்பறையில் பயன்படுத்துவதில் தவறே இல்லை. அவற்றை நம்பி ஓர் அறநெறியைக் கட்டி எழுப்புவதுதான் தவறு.

இதைவிட ஆழமான தவறு, நிலைத்தன்மையை நன்மை என்று எடுத்துக்கொள்வது. அணுக்கள் நிலையான அமைப்பைத் தேடிப் போகின்றன, நிலையானது என்றால் அமைதி, அமைதி என்றால் நல்லது. இப்படி மூன்றே தாவலில் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நைட்ரஜனைப் பாருங்கள். இரண்டு நைட்ரஜன் அணுக்களை மூன்று பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருக்கும் மூலக்கூறு அது. ஒரு மோல் அளவை, அதாவது சுமார் 28 கிராமைப் பிரிக்கச் சுமார் 945 கிலோஜூல் வேண்டும். நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுதான், நமக்கு எந்தத் தொல்லையும் இல்லை. அதே நைட்ரஜன் அணுக்கள் டி.என்.டி. வெடிமருந்துக்குள் தனித்தனியாக, தளர்ந்த பிணைப்புகளில் உட்கார்ந்திருக்கின்றன. ஓர் அதிர்ச்சி போதும். நொடியின் சிறு துளிக்குள் அவையும் அருகிலுள்ள கார்பனும் ஆக்ஸிஜனும் இடம் மாறி, மிக நிலையான வாயு மூலக்கூறுகளாகிவிடுகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றல்தான் சுவரைத் தகர்க்கிறது. அந்த வாயுக்களில் ஒன்றான கார்பன் மோனாக்சைடு, அறியப்பட்டவற்றிலேயே மிக உறுதியான பிணைப்புகளில் ஒன்றைக் கொண்டது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். சத்தமில்லாமல் ஆளைக் கொல்லும்.

அணுக்கருவிலும் இதே கதைதான். இரும்பும் நிக்கலும் இருக்கும் பகுதியில்தான் அணுக்கருக்கள் மிக இறுக்கமாக இருக்கின்றன. லேசான ஹைட்ரஜன் அந்தத் திசையில் இணைந்து போகிறது, அதுதான் சூரிய வெளிச்சம். கனமான யுரேனியம் உடைந்து அதே திசைக்கு வருகிறது, ஒவ்வொரு பிளவிலும் சுமார் 200 மெகா எலக்ட்ரான் வோல்ட் வெளியாகிறது (மெகா என்றால் பத்து லட்சம்). 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் நடந்தது அதுதான். இலையில் விழும் வெயிலுக்கும் அந்த நகரத்தை எரித்த தீக்கும் அடியில் இருப்பது ஒரே சரிவு.

இங்கே பலர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். 'அப்படியானால் இயற்கையின் உள்ளே இருப்பது அழிவுதான்' என்கிறார்கள். அதுவும் தவறு. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஓக்லோ என்ற இடத்து யுரேனியத் தாதுவில், ஒரு பிளவு அடுத்ததைத் தூண்டும் தொடர்பிளவு இயற்கையாகவே நடந்திருந்ததை 1972-இல் கண்டுபிடித்தார்கள். சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன், மனிதரோ விலங்கோ இல்லாத காலத்தில் நடந்தது அது. அப்போது பிளவுபடக்கூடிய யுரேனியம்-235 இன்றைய 0.7 சதவீதமாக இல்லாமல் 3 சதவீதத்துக்கும் அதிகமாக இருந்தது. நிலத்தடி நீர் ஊறி வந்தால் பிளவைத் தூண்டும் நியூட்ரான்கள் வேகம் குறைந்து பிளவு தொடங்கும். சூட்டில் நீர் ஆவியானால் நின்றுவிடும். அப்புறம் மறுபடி நீர் ஊறும். பல லட்சம் ஆண்டுகள் இப்படியே நடந்தது. அது யாரையும் சுடவில்லை, யாருக்கும் விளக்கேற்றவுமில்லை. அதை நல்லது என்பதா, கெட்டது என்பதா? இரண்டு சொல்லும் அங்கே பொருந்தவில்லை.

உயிருக்கு அடிப்படையான கார்பனைக் காட்டி, இயற்கை நம் நலத்தை நாடுகிறது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. விண்மீன்களுக்குள் இவ்வளவு கார்பன் உருவாக வேண்டுமானால், அதன் அணுக்கருவில் குறிப்பிட்ட ஓர் ஆற்றல் நிலை இருந்தாக வேண்டும் என்று 1953-இல் வானியலாளர் ஃப்ரெட் ஹாயில் கணித்தார். தேடிப் பார்த்தபோது 7.65 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் அது இருந்தது. நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும் விஷயம் இது. ஆனால் இயற்கை நமக்கு இடம் கொடுத்தது வேறு, நம் நலத்தை நாடியது வேறு. குழந்தையின் விரலில் இருக்கும் அதே கார்பன்தான் அம்மை வைரஸிலும் இருக்கிறது.

'எல்லாம் வெறும் அணுக்கள்தானே, நன்மை என்பதே நம் கற்பனை' என்பது இன்னொரு தவறு. இது படித்தவர்களிடம் அதிகம். ஒரே ஓர் அணுவுக்கு வெப்பநிலை என்று ஒன்று கிடையாது. கோடானுகோடி அணுக்கள் சேர்ந்து அசையும்போதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வருகிறது. அதற்காகக் காய்ச்சலைக் கற்பனை என்று யாராவது சொல்வார்களா? வலிக்கக்கூடிய ஓர் உடம்பும் அந்த வலியைப் பொருட்படுத்தும் ஒரு மனமும் வந்த பிறகு, நன்மையும் காய்ச்சலைப் போல உண்மையானதுதான்.

கதிரியக்கமுள்ள அயோடின்-131-ஐப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இது புரியும். அதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், 8 நாள். நம் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி, ரத்தத்தில் வரும் அயோடினை இழுத்து வைத்துக்கொள்ளும். சாதாரண அயோடின்-127 எது, கதிரியக்க அயோடின் எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தபோது இந்த அயோடின் புல்லில் படிந்து, பசு வழியாகப் பாலுக்குப் போய், குழந்தைகளின் கழுத்தில் சேர்ந்தது. பின்னாளில் அவர்களிடையே தைராய்டு புற்றுநோய் அதிகரித்தது. அதே அயோடின்-131-ஐத்தான் 1940-களிலிருந்து தைராய்டு நோய்களுக்கு மருந்தாகக் கொடுத்து வருகிறார்கள். சுரப்பி இழுப்பதும் அணு சிதைவதும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

செர்னோபில் மேகம் போலந்தின் மேல் வந்தபோது, அங்கே ஒரு சில நாட்களுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சாதாரண அயோடின் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். சுரப்பி முன்கூட்டியே நிரம்பிவிட்டால், பின்னால் வரும் கதிரியக்க அயோடினுக்கு அங்கே இடம் இருக்காது.