பணம் எத்தனை நாள் வெளியே இருக்கும்?

போன ஆயுத பூஜைக்கு மறுநாள் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பி.காம் முடித்து எட்டு மாதம் ஆகிறது. "பெரியம்மா, சொந்தமாகத் தொழில் தொடங்கப்போகிறேன்" என்றான். கையில் ஒரு நோட்டு. கடையின் பெயர், பெயர்ப்பலகையின் நிறம், உள் அலங்காரத்துக்கு இரண்டரை லட்சம் என்று எல்லாம் அதில் இருந்தன. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வங்காளத்துக்காரர்களுக்கு மீன் குழம்பும் சோறும் போடும் மெஸ். யோசனை மோசமில்லை. "உன் கையைவிட்டுப் போகிற பணம் எத்தனை நாளில் திரும்பி வரும்?" என்று கேட்டேன். நோட்டைப் புரட்டினான். அந்தப் பக்கத்தை அவன் எழுதவே இல்லை.

அன்று மாலை அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் பெரிய தொழிலதிபர் இல்லை. வேலூரில் லாட்ஜுகளுக்குப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு விற்கிறேன், துவைத்தும் கொடுக்கிறேன். 2010இல் தொடங்கியது. நடுவில் இரண்டு முறை மூடும் நிலைக்குப் போய்த் திரும்பியிருக்கிறேன்.

முதலில் வேலைக்குப் போங்கள். இதைச் சொன்னால் இளைஞர்களுக்குப் பிடிப்பதில்லை. நான் லாங்கு பஜாரில் ஒரு துணிக்கடையில் ஏழு ஆண்டுகள் இருந்தேன். முதல் இரண்டு ஆண்டுகள் வாடிக்கையாளர் கலைத்துப் போட்டதை மடித்து வைப்பதுதான் வேலை. மூன்றாம் ஆண்டு முதலாளி கடன் பேரேட்டை என்னிடம் கொடுத்தார். என் உண்மையான படிப்பு அங்கேதான் தொடங்கியது. யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதை அவர் ஆளின் சட்டையைப் பார்த்து முடிவு செய்ததில்லை. பழைய பாக்கியைக் கேட்கும்போது என்ன பதில் வருகிறது என்று பார்ப்பார். "திங்கட்கிழமை பாதி தருகிறேன்" என்பவருக்கு மறுபடியும் சரக்குப் போகும். "பார்க்கலாம்மா, எங்கே ஓடிவிடப் போகிறேன்" என்பவருக்குப் போகாது.

ஆகவே வேலை தேடும்போது சம்பளத்தோடு நாற்காலியையும் பாருங்கள். கொள்முதல், கடன் வசூல், விலை போடுவது, சரக்கு அனுப்புவது ஆகிய நான்கில் ஒன்று உங்கள் கண்முன் நடக்க வேண்டும். ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ காலணி நிறுவனத்தில் வேலை கிடைத்தால், வாடிக்கையாளரிடம் பேசி ஒரு ஜோடிக்கு விலை போடும் மேசைக்குப் போக முயலுங்கள். குடியாத்தத்தில் லுங்கி வியாபாரியிடம் சேர்ந்தால், நூல் வாங்கும் நாளில் அவர் பக்கத்தில் இருங்கள். மூன்று ஆண்டுகளாவது இருங்கள். அதற்குள் வீட்டுச் செலவுக்கு ஆறு மாதப் பணம் தனியாகச் சேர வேண்டும். அது முதலீடு இல்லை, அதைத் தொடக்கூடாது. முதல் ஆறு மாதம் பசி இல்லாமல் இருந்தால்தான் கண்ட விலைக்கு ஆர்டர் எடுக்காமல் இருக்க முடியும்.

எந்தத் தொழில் என்பதைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். நான் ஒரே ஒரு கணக்கைத்தான் போடச் சொல்வேன். ஈரோட்டுக்குப் போய் ரொக்கம் கொடுத்து விரிப்பு வாங்கி வருகிறேன். லாட்ஜ்காரர் 60 நாள் கழித்துப் பணம் தருகிறார். மாதம் ஒரு லட்சத்துக்குச் சரக்குப் போட்டால் எப்போதும் இரண்டு லட்சம் வெளியே நிற்கும். வியாபாரம் நன்றாகப் போய் மாதம் இரண்டு லட்சம் ஆனால் நான்கு லட்சம் வெளியே நிற்கும். அதாவது விற்க விற்கக் கை காலியாகும். 2013இல் எனக்கு நடந்தது இதுதான். எல்லோரும் "நன்றாக ஓடுகிறதே" என்றார்கள். நான் மகனின் பள்ளிக் கட்டணத்துக்குக் கைமாற்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

துவைத்துக் கொடுக்கும் தொழிலுக்கு நான் வந்ததே இந்த நாள் கணக்கால்தான். விரிப்புக்கு 60 நாள் இழுக்கிற அதே லாட்ஜ், சலவைக்குச் சனிக்கிழமை தோறும் பணம் தந்துவிடும். தராவிட்டால் திங்கட்கிழமை அறையில் போட விரிப்பு இருக்காது.

இனி விலை போடுவது. இதில் சறுக்கியவர்கள்தான் அதிகம், நானும் சறுக்கினேன். 2016இல் சலவையைத் தொடங்கியபோது ஒரு விரிப்புக்கு 12 ரூபாய் என்று பேசினேன். என் கணக்கு இப்படி இருந்தது: சோப்புக்கு ஒன்றரை ரூபாய், மின்சாரத்துக்கு 2, தண்ணீருக்கு 1, கூலிக்கு 4, ஆட்டோவுக்கு ஒன்றரை. மொத்தம் 10 ரூபாய். இரண்டு ரூபாய் லாபம், மாதம் 6,000 விரிப்பு, 12,000 ரூபாய் கையில். கேட்கவே இனிமையாக இருந்தது.

பதினான்கு மாதம் ஓட்டினேன். மாதக் கடைசியில் பணம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நஷ்டம் என்றால் தெரிந்திருக்கும், இது தெரியவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, எழுதாமல் விட்டவற்றை எழுதினேன். இடத்துக்கு வாடகை 9,000. விரிப்புக்கு ஒன்றரை ரூபாய். கிழிந்து, காணாமல் போய், நான் ஈடு கொடுத்தவை ஐம்பது காசு. இந்த இரண்டிலேயே லாபம் கரைந்துவிட்டது. இயந்திரம் 3,60,000 ரூபாய். ஐந்து ஆண்டு உழைக்கும் என்று வைத்தால் மாதம் 6,000, விரிப்புக்கு ஒரு ரூபாய். என் சம்பளம், வேறொருவரை வைத்தால் கொடுக்க வேண்டிய 12,000, விரிப்புக்கு இரண்டு ரூபாய். ஆக அடக்கம் 15 ரூபாய். பதினான்கு மாதமும் சம்பளம் இல்லாமல் வேலை செய்திருக்கிறேன். இயந்திரமும் சும்மா தேய்ந்திருக்கிறது. மறுநாளே 17 ரூபாய் என்று சொல்லிவிட்டேன். இரண்டு லாட்ஜ்கள் விலகின. ஒன்று மூன்று மாதத்தில் திரும்பி வந்தது.

உங்கள் தொழில் எதுவானாலும் இந்த நான்கையும் முதல் நாளே எழுதுங்கள்: வாடகை, சேதாரம், கருவியின் தேய்மானம், உங்கள் சம்பளம். உங்கள் சம்பளத்தை மாதம் முதல் தேதி தொழிலின் வங்கிக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். கல்லாவிலிருந்து காய்கறிக்கு எடுக்கும் பழக்கம் வந்துவிட்டால் எந்தக் கணக்கும் நிற்காது.

சரக்கு பற்றி ஒரு விஷயம். முதன்முறை ஈரோட்டுக் கனி மார்க்கெட்டுக்குப் போனேன். திங்கள் இரவு தொடங்கி மறுநாள் வரை நடக்கும் சந்தை. 60க்கு 90 அங்குல விரிப்பு 80 வாங்கினேன், விலை மலிவு. முதல் சலவையில் 90 அங்குலம் 84 ஆகிவிட்டது. லாட்ஜ் மெத்தை ஆறடி. இரு பக்கமும் மெத்தையின் உயரம் போக, அடியில் செருக இரண்டு விரல் அளவுதான் மிச்சம். ஆள் ஒரு தடவை புரண்டால் விரிப்பு சுருண்டு முதுகுக்குக் கீழே வந்துவிடும். எண்பதையும் வெட்டித் தலையணை உறையாகத் தைத்தேன். அன்றிலிருந்து ஒன்று வாங்கி, மூன்று முறை துவைத்து, டேப் வைத்து அளந்த பிறகுதான் மொத்தமாக ஆர்டர்.

உங்கள் வாடிக்கையாளரைவிட, அவருடைய வாடிக்கையாளரைத் தெரிந்துகொள்ளுங்கள். புதிதாக லாட்ஜ் கட்டிய ஒருவர் நட்சத்திர ஓட்டல்போல வெள்ளை விரிப்புதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். பாபு ராவ் தெருப் பக்கம் தங்குகிறவர்கள் யார்? வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்குகிறவர்கள். பலர் அறையிலேயே சமைக்கிறார்கள். கடுகு எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்த கறை வெள்ளைத் துணியில் பட்டால் லேசில் போகாது. அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவரின் விரிப்பில் ரத்தக் கறை இருக்கும். அதைக் குளிர்ந்த நீரில்தான் முதலில் ஊறவைக்க வேண்டும். வெந்நீரில் போட்டால் கறை துணியோடு தங்கிவிடும். இதையெல்லாம் சொன்னேன், கேட்கவில்லை. மூன்றாம் மாதம் விரிப்புகள் பழுத்த நிறத்துக்கு வந்த பிறகு அடர்நீலக் கட்டம் வாங்கினார். "சாதர்" என்று நோயாளியின் உறவினர்கள் வங்காளத்தில் விரிப்பைக் கேட்டால் எனக்குப் புரியும். இன்னும் ஐம்பது சொற்கள் தெரியும். அந்த ஐம்பது சொற்கள் எனக்குத் தந்த வியாபாரத்தை எந்த விளம்பரமும் தரவில்லை.

வசூலுக்கு நேரம் உண்டு. லாட்ஜுக்குக் காலை எட்டு மணிக்குப் போனால் மேலாளர் எரிந்து விழுவார். அறை காலி செய்கிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். பதினொன்றரைக்குப் போங்கள். கல்லாவில் பணம் இருக்கும், அவர் தேநீர் குடித்திருப்பார். தொகையைச் சொல்லாதீர்கள், பில் எண்ணையும் தேதியையும் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், ஆனால் சொன்ன நாளில் கட்டாயம் போய் நில்லுங்கள். நீங்கள் ஒருமுறை மறந்தால், அவர் அடுத்த மூன்று முறை மறப்பார்.

பதிவு, சட்டம் பற்றிச் சுருக்கமாக. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம். ஆயிரம், இரண்டாயிரம் கேட்பவரிடம் போகாதீர்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி. ஆனால் இது பொருள் தயாரிப்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. என் சலவைக்கு உண்டு, விரிப்பு விற்பனைக்கு இல்லை. ஜி.எஸ்.டி.யிலும் இப்படி ஒரு கண்ணி இருக்கிறது. பொருள் மட்டும் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்போது பதிவு. சேவையும் சேர்ந்தால் 20 லட்சத்திலேயே பதிவு. விற்பனை, சலவை இரண்டும் செய்கிற எனக்கே இது தெரியாது, ஆடிட்டர் சொல்லித்தான் தெரிந்தது.

மானியம் என்றவுடன் என் தங்கை மகனின் முகம் மலர்ந்தது. மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகச் சொன்னேன். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் நகரப் பகுதியில் பொதுப் பிரிவினருக்கு 15 சதவீதம், பெண்கள் முதலிய சிறப்புப் பிரிவினருக்கு 25 சதவீதம்; கிராமப் பகுதியில் இன்னும் பத்துச் சதவீதம் கூட. ஆனால் அந்தப் பணம் கைக்கு வராது. வங்கியில் மூன்று ஆண்டு வைப்பாக இருந்து, பிறகு கடனில் கழியும். மானியத்தை நம்பித் தொழில் தொடங்குகிறவர், மானியம் இல்லாமலும் அந்தத் தொழில் நிற்குமா என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

வளர்ச்சி பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. 120 அறை உள்ள ஒரு லாட்ஜின் முழுச் சலவையும் எனக்கு வந்தது. வேண்டாம் என்றேன். என் வேலையில் பாதி ஒரே வாசலுக்குப் போயிருக்கும். அப்புறம் விலையை அவர் சொல்வார், நான் கேட்பேன். எந்த வாடிக்கையாளரும் மொத்த வியாபாரத்தில் கால் பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். அப்படியும், ஊரே ஒரு வாடிக்கையாளரை நம்பியிருக்கிறது என்பதை 2020 மார்ச்சில் பார்த்தேன். ரயில் நின்றது, காந்தி ரோடு காலியானது, ஐந்து மாதம் என் இயந்திரம் சுற்றவில்லை. பின்னர் மருத்துவமனையின் சில துறைகள் ராணிப்பேட்டை வளாகத்துக்குப் போனபோது அவர்களை நம்பியிருந்த அறைகளும் கூடவே போயின. இப்போது கல்யாண மண்டபங்களின் மேசை விரிப்பையும் எடுக்கிறேன். லாபம் குறைவு; ஆனால் துர்கா பூஜைச் சமயத்தில் வங்காளத்துக்காரர்கள் ஊருக்குப் போய்விடும்போது ஆட்களுக்கு வேலை இருக்கிறது.

தங்கை மகன் கோபித்துக்கொண்டுதான் போனான். பெயர்ப்பலகைக்கு முன்பணம் கொடுத்திருந்தானாம். ஆனால் தை பிறந்ததும் காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு மெஸ்ஸில் கல்லாவில் சேர்ந்துவிட்டான். மெஸ் நல்ல தொழில். காலையில் வாங்கிய மீனுக்கு மதியமே பணம் வந்துவிடும். நாள் கணக்கில் என் தொழிலைவிட மேல். அதன் ஓட்டை வேறு இடத்தில் இருக்கும் என்றேன், எங்கே என்று சொல்லவில்லை.

போன வாரம் நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். அரிசி, மீன், எரிவாயு, கூலி, வாடகை, அவன் சம்பளம்கூட எழுதியிருந்தது. கீழே ஒரு கேள்வி: "பெரியம்மா, காசு வாங்காமல் இரண்டாவது தடவை ஊற்றுகிற பருப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?"