பி53 மருந்துச் செய்திகளில் நாம் ஏமாறும் இடங்கள்

‘கெட்டுப்போன பி53-ஐ உயிர்ப்பிக்கும் மாத்திரை’ என்று ஒரு செய்தி வந்தால் போதும், வீட்டில் யாருக்காவது புற்றுநோய் இருக்கிறவர்கள் பயாப்சி ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். பார்ப்பதில் தப்பில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்பதில்தான் கோளாறு.

பி53 என்பது 393 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். டிஎன்ஏ சேதமானால் செல் பிரிவதை நிறுத்தும். சரிசெய்யவே முடியாது என்றால் செல்லைச் சாகடிக்கும். மனிதர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இதன் மரபணு, அதாவது டிபி53, பழுதாகியிருக்கிறது. ஆனால் ‘பி53 பிறழ்வு’ என்று ஒற்றைப் பழுது கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாக நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற குழப்பங்கள் பலவும் இதிலிருந்துதான் வருகின்றன.

ஒய்220சி என்ற பிறழ்வையே எடுத்துக்கொள்வோம். 220-ஆவது இடத்தில் இருக்க வேண்டிய டைரோசின் பெரிய அமினோ அமிலம். அங்கே சிறிய சிஸ்டீன் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மிச்சமாகும் இடம் புரதத்தின் மேற்பரப்பில் ஒரு குழியாகிறது. பி53 இயல்பிலேயே அவ்வளவு உறுதியான புரதம் இல்லை. நல்ல நிலையில் இருக்கும்போதே 45 டிகிரி அருகில் அதன் மடிப்பு, அதாவது மடிந்து நிற்கும் வடிவம், குலைந்துவிடும். குழி விழுந்தபின் உடல் சூட்டிலேயே குலைகிறது. கேம்பிரிட்ஜில் ஆலன் ஃபெர்ஷ்ட் குழுவினர் இந்தக் குழிக்குள் பொருந்தும் மூலக்கூறுகளைத் தேடி, 2008-இல் ஒன்றை வெளியிட்டார்கள். ரெசாடபாப்ட் என்ற மருந்தும் இதே குழியில் உட்கார்ந்து புரதத்தை நிமிர்த்துவதுதான். குழி இல்லாத பி53-இல் அதற்கு வேலையே இல்லை. எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒய்220சி இருப்பது சுமார் 1 சதவீதத்தில்தான்.

மற்றவை வேறு கதை. ஆர்175எச் பிறழ்வில் புரதம் துத்தநாக அயனியைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாமல் உருக்குலைகிறது. ஆர்273எச்-இல் உருவம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, டிஎன்ஏவைப் பற்றும் இடம்தான் போய்விட்டது. அங்கே மடிப்பை உறுதிப்படுத்தும் மருந்து என்ன செய்ய முடியும்? ஆர்213 என்பதற்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியோ எக்ஸ் எழுத்தோ இருந்தால் புரதம் பாதியிலேயே அறுந்துவிட்டது என்று அர்த்தம். நிமிர்த்த அங்கே முழுப் புரதமே இல்லை. ஆக, மரபணு வரிசைப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ‘டிபி53’ என்ற பெயரோடு நிற்காமல், அதை ஒட்டியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் படிக்க வேண்டும்.

அடுத்தது, பயாப்சியில் ‘பி53 பாசிட்டிவ்’ என்று வருவது. பாதுகாப்புப் புரதம் நிறைய இருக்கிறது, நல்லதுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. நிலைமை பெரும்பாலும் தலைகீழ். நல்ல பி53-ஐச் செல் உடனுக்குடன் அழித்துவிடுவதால், சாயம் ஏற்றிப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிறித் தெரியும். பழுதானது அழியாமல் தேங்குவதால் உட்கருக்கள் வரிசையாக அடர்பழுப்பாக இருக்கும். சில பிறழ்வுகளில் சாயமே ஏறாது, அதுவும் சந்தேகப்பட வேண்டியதுதான். இரண்டிலுமே எந்தப் பிறழ்வு என்பது தெரியாது. ரத்தத்தில் மட்டும் சோதித்தாலும் ஒரு சிக்கல் உண்டு: வயதானவர்களின் ரத்த செல்களில் டிபி53 பிறழ்வு தானாகவே தோன்றியிருக்கலாம். அது கட்டியிலிருந்து வந்தது என்று முடிவு கட்டக் கூடாது.

நட்லின் வகை மருந்துகளை இதோடு போட்டுக் குழப்புவதும் நிறைய நடக்கிறது. நல்ல பி53-ஐப் பிடித்து அழிப்பது எம்டிஎம்2 என்ற புரதம். 2004-இல் வெளிவந்த நட்லின்கள் அந்தப் பிடியை விடுவிப்பவை. பி53 பழுதாகாமல் இருந்தால்தான் அவற்றால் பயன். பிறழ்ந்த பி53-ஐ அவை சரிசெய்வதில்லை.

ஆய்வுக்கூட மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மருந்து போட்டதும் செல் செத்தது, ஆகவே பி53 மீண்டது என்று எழுதிவிடாதீர்கள். பி53-ஐ மீட்கும் என்று 1999-இல் பெரிய எதிர்பார்ப்போடு வந்த சிபி-31398 என்ற மூலக்கூறு, பி53-இன் மையப்பகுதியில் ஒட்டவே இல்லை, டிஎன்ஏவில் போய் ஒட்டுகிறது என்று பிறகு தெரிந்தது. சுவீடனின் கரோலின்ஸ்கா ஆய்வு நிறுவனத்தில் தொடங்கிய வரிசையில் வந்த ஏபிஆர்-246 என்ற மருந்து இன்னும் நல்ல பாடம். அது உடலில் மாறி உண்டாகும் பொருள் பி53-இன் சிஸ்டீன்களில் ஒட்டுகிறது, சரி. ஆனால் செல்லை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கும் குளுட்டதையோனையும் தீர்த்துக்கட்டுகிறது. செல் எதனால் செத்தது? பி53 அறவே இல்லாத செல்களை ஒப்பீட்டுக்கு வைத்துச் சோதிக்காமல் இதற்குப் பதில் கிடைக்காது.

அந்த ஏபிஆர்-246-இன் பின்கதையும் உண்டு. டிபி53 பிறழ்ந்த எம்டிஎஸ் என்ற எலும்பு மஜ்ஜை நோயில், வழக்கமாகக் கொடுக்கும் அசாசிடிடின் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, ஆரம்பச் சோதனையில் பாதிப் பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. அதில் ஒப்பீட்டுப் பிரிவு கிடையாது. 154 பேரோடு நடந்த மூன்றாம் கட்டத்தின் முடிவு 2020 டிசம்பரில் வந்தது: முழுமையாகத் தணிந்தது, சேர்த்து எடுத்தவர்களில் 33.3 சதவீதம் பேருக்கு, அசாசிடிடின் மட்டும் எடுத்தவர்களில் 22.4 சதவீதம் பேருக்கு. புள்ளியியல்படி அது தேறவில்லை. முதல் கட்டச் செய்தியோடு படிப்பதை நிறுத்தியவர்களுக்கு இது கண்ணிலேயே பட்டிருக்காது.

பி53 மீண்டால் மற்ற பழுதெல்லாம் அடங்கிவிடும் என்பதும் ஆசைதான். ரெசாடபாப்டின் இரண்டாம் கட்டச் சோதனையில் ஒய்220சி இருந்தும், செல் பெருக்கத்தைத் தூண்டும் கேராஸ் மரபணுவும் பிறழ்ந்தவர்களைச் சேர்க்கவில்லை.

கடைசியாக ஒரு விபரீதம். சில பிறழ்வுகளில் ஆர்சனிக் அணு பி53-இன் மூன்று சிஸ்டீன்களைப் பிடித்து மடிப்பை நிலைப்படுத்துகிறது என்று ஷாங்காய் ஆய்வாளர்கள் 2021-இல் காட்டினார்கள். ஆர்சனிக் டிரையாக்சைடு நம் ஊர் வெள்ளைப் பாஷாணம்தானே என்று பஸ்பம் தேடிப் போகாதீர்கள். ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு அது அங்கீகரிக்கப்பட்ட மருந்துதான். இருந்தாலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் என்பதால் இசிஜி எடுத்து, பொட்டாசியமும் மக்னீசியமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள்.