பரிந்துரைக் கடிதத்தை முதலில் கேளுங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கணிதத் துறை உதவிப் பேராசிரியர், போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) வேலைகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா? அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சேர வேண்டிய இடங்களுக்கு முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே விளம்பரம் வந்துவிடும். பல இடங்களுக்குக் கடைசித் தேதி நவம்பர், டிசம்பரில் விழும். அமெரிக்கக் கணிதச் சங்கம் நடத்தும் மேத்ஜாப்ஸ் தளத்தில்தான் நிறைய அறிவிப்புகள் இருக்கும்.

சிவியையும் ஆய்வுத் திட்டக் குறிப்பையும் ஒரு ராத்திரி உட்கார்ந்தால் திருத்திவிடலாம். பரிந்துரைக் கடிதம் அப்படியில்லை, அது இன்னொருவர் கையில் இருக்கிறது. பெரும்பாலும் மூன்று கடிதமாவது கேட்பார்கள். பல இடங்களில் நீங்கள் பாடம் நடத்துவதைப் பற்றியும் ஒரு கடிதம் வேண்டும். நல்ல ஆய்வாளர்கள்கூட இந்தக் கடைசிக் கடிதத்தை மறந்துவிடுகிறார்கள், பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

ஆகவே உங்கள் பேராசிரியரிடம் செப்டம்பரிலேயே கேளுங்கள். "சார், முதல் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நவம்பர் 1. என் சிவியையும் கடைசிக் கட்டுரையையும் இணைத்திருக்கிறேன். தங்களிடம் படித்தபோது நான் செய்த வேலையைப் பற்றி எழுத முடியுமா?" என்று தேதியோடு எழுதுங்கள். அவர் கடிதத்தை நேரடியாகத் தளத்தில் ஏற்றுவார், அதில் என்ன எழுதியிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. ஒருமுறை ஏற்றினால் போதும், பல விண்ணப்பங்களுக்கு அதையே சேர்த்துக்கொள்ளலாம். அப்புறம், தேதிக்குப் பத்து நாள் முன்னால் ஒரு நினைவூட்டல் அனுப்பத் தயங்காதீர்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.