ட்ராக் டேக்கு முன்னால் பிரேக்கில் எங்கே காசு போடுவது?

கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஜப்பானில் இருந்து கழற்றி வந்த நாலு பிஸ்டன் கெலிப்பர் (பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) சோடி ஒன்று தொங்குவதைப் பார்த்தால் யாருக்கும் கை துருதுருக்கும். இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதற்கு ஆகும் காசில் கால்வாசிகூட இல்லாமல், உங்கள் சிவிக்கோ ஸ்விஃப்டோ லான்சரோ ட்ராக் டேயில், அதாவது சொந்தக் காரைப் பந்தயப் பாதையில் வேகமாக ஓட்டிப் பார்க்கும் நாளில், கட்டுக்குருந்தை ட்ராக்கில் ஒரு முழு நாள் ஓடித் தாங்கும்படி செய்துவிடலாம்.

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும். ரோட்டில் ஓடும் எந்தக் காரும், ஒழுங்காகப் பராமரித்திருந்தால், ஒரு தடவை சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு பிரேக் பிடிக்கும். பெடலை ஓங்கி மிதித்தால், சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ் கடகடவென்று அடிக்கிறதா, அப்படியானால் டயரின் பிடியை விட பிரேக்கின் பலம் ஏற்கெனவே அதிகம். அதற்கு மேல் எவ்வளவு பெரிய கெலிப்பர் போட்டாலும் அந்த முதல் நிறுத்தத்தின் தூரம் குறையாது, அதைக் குறைப்பது டயர்தான். ட்ராக்கில் பிரேக் தோற்பது நாலாவது, ஐந்தாவது சுற்றில், சூட்டினால்.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுபவரோடு சேர்த்து 1200 கிலோ கார், 160 கிலோமீற்றர் வேகத்தில் இருந்து 60க்கு இறங்குகிறது. அந்த ஒரு பிரேக்கில் வெப்பமாக மாற வேண்டிய சக்தி ஏறத்தாழ 10 இலட்சம் ஜூல். காலி வீதியில் 60இல் ஓடி ஒரு சிக்னலில் முழுதாக நிற்பதற்கு ஆவதைப் போல ஆறு மடங்கு இது. இதில் 70 சதவீதத்தை முன் பிரேக்குகள் சுமக்கும் என்று வைத்துக்கொண்டால், சக்கரத்தோடு சுழலும் 5 கிலோ எடையுள்ள முன் டிஸ்க் ஒவ்வொன்றும் அந்த ஒரே மிதிப்பில் 150 பாகைக்கு மேல் ஏறும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். கட்டுக்குருந்தை பழைய விமான ஓடுபாதை, நேர்ப்பகுதியில் வேகம் ஏற இடம் இருக்கிறது, ஆகவே இந்தக் கணக்கு வெறும் தாள் கணக்கு இல்லை.

சூடு இரண்டு விதமாகக் காலை வாரும், இரண்டையும் பெடலிலேயே பிரித்துச் சொல்லலாம். பெடல் கல் மாதிரி உறுதியாக இருக்கிறது, ஆனால் கார் நிற்க மாட்டேன் என்கிறது என்றால் பேட், அதாவது டிஸ்க்கில் உரசி நிறுத்தும் கட்டை, தன் எல்லையைத் தாண்டிவிட்டது. பெடலே பஞ்சு போல அமுங்கித் தரைவரை போகிறது என்றால் பிரேக் ஒயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழி உண்டாகிவிட்டது. இரண்டாவதுதான் பயங்கரம், ஏனென்றால் முன்னறிவிப்பு இல்லாமல் வரும்.

ஆகவே முதல் காசு ஒயிலுக்கு. பிரேக் ஒயில் காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும், கொழும்பில் ஆண்டு முழுக்க ஈரம்தான். சாதாரண டொட் 4 ரக ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி, 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அந்த எல்லை 155க்கு விழுந்துவிடும். ஜப்பானில் இருந்து வந்த நாளில் இருந்து ஒயிலே மாற்றாத கார்கள் இங்கே எத்தனை ஓடுகின்றன என்று எந்தக் கராஜ் பாஸிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். மூடியைத் திறந்து பார்த்தால் தேயிலைச் சாயம் மாதிரி இருக்கும். மோட்டுல் ஆர்.பி.எஃப் 600 போன்ற ரேஸிங் ஒயில் புதிதில் 312 பாகை தாங்கும், அது போதும். காஸ்ட்ரோல் எஸ்.ஆர்.எஃப் ஈரம் சேர்ந்த பிறகும் ஏறத்தாழ 270 வரை நிற்கும் என்பதால் பெயர் பெற்றது, விலையும் அப்படியே, முதல் ட்ராக் டேக்கு அது ஆடம்பரம்.

இரண்டு எச்சரிக்கை. டொட் 5 என்று மட்டும் போட்ட போத்தல் சிலிக்கோன் ஒயில், அதை டொட் 3, 4, 5.1 எதனோடும் கலக்கக் கூடாது, ஏ.பி.எஸ் உள்ள காருக்கு அது வேண்டவே வேண்டாம். அப்புறம், கடையில் பாதி ஊற்றி மூடி வைத்த போத்தலை மலிவாகத் தருகிறார்கள் என்று வாங்காதீர்கள், சீல் உடையாததுதான் ஒயில்.

மாற்றும்போது மேல்தொட்டியில் உள்ளதை மட்டும் உறிஞ்சிப் புதிதாக ஊற்றுவது ஏமாற்று வேலை. நாலு சக்கரத்திலும் ஒயிலை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து, தெளிவான டியூப் போட்டு, ஒருவர் பெடலை மிதிக்க மற்றவர் திறந்து மூட, புது ஒயில் குமிழி இல்லாமல் வரும்வரை எடுக்க வேண்டும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காருக்குக் கார் மாறும், சர்விஸ் மெனுவலைப் பாருங்கள். தொட்டி இடையில் காலியாகி ஏ.பி.எஸ்ஸுக்குள் காற்றுப் போனால் அதை வெளியே எடுக்க ஸ்கேனர் தேவைப்படலாம். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், தின்றுவிடும்.

அடுத்தது பேட். பாக்கெட்டில் வரும் சாதாரண பேட் சத்தமில்லாமல், தூசி குறைவாக, குளிரிலும் பிடிக்கும்படி செய்தது. 350, 400 பாகையைத் தாண்டினால் அதன் பிடி சரியும். ட்ராக்கில் டிஸ்க் 500ஐத் தொடுவது சாதாரணம். அதற்காக ஒரேயடியாக முழு ரேஸ் பேட்டுக்குத் தாவ வேண்டாம். அது சூடேறினால்தான் பிடிக்கும், காலையில் வெள்ளவத்தையில் முன்னால் போகும் முச்சக்கரவண்டி திடீரென்று நின்றால் உங்களுக்கு வேண்டிய பிடி அங்கே இருக்காது. ஃபெரோடோ டி.எஸ் 2500 மாதிரி இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பேட், அல்லது ப்ரொஜெக்ட் மியூ, என்ட்லெஸ், டிக்ஸெல் போன்ற ஜப்பான் கம்பனிகளின் தெருவும் ட்ராக்கும் கலந்த ரகம், ஜப்பான் கார்களுக்கு நன்றாகப் பொருந்தும். கொஞ்சம் கீச்சிடும், றிம் கறுக்கும், டிஸ்க் வேகமாகத் தேயும். அது விலையின் ஒரு பகுதி. போலிகளும் சந்தையில் உண்டு, ஆகவே பெட்டியை விட விற்பவரைப் பார்த்து வாங்குங்கள். சில பேட்டின் ஓரத்தில் எஃப்.எஃப், ஜி.ஜி என்று இரண்டு எழுத்து அச்சிட்டிருக்கும். முதல் எழுத்து குளிரில் உள்ள உராய்வு, இரண்டாவது சூட்டில். அது எத்தனை பாகை தாங்கும் என்பதை அந்த எழுத்து சொல்லாது, அதனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

பாதிக்கு மேல் தேய்ந்த பேட்டோடு ட்ராக்குக்குப் போகக் கூடாது. மெல்லிய பேட் சூட்டை நேரே கெலிப்பருக்கும் ஒயிலுக்கும் கடத்தும், நீங்கள் ஊற்றிய விலை கூடிய ஒயில் அங்கே வீணாகும்.

டிஸ்க்குக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெறுமையான, நடுவில் காற்றோட்டம் உள்ள நல்ல கம்பனி டிஸ்க் போதும். வரி வெட்டியது பரவாயில்லை. ஓட்டை போட்டது அழகுக்கு. ட்ராக் சூட்டில் ஓட்டையில் இருந்து ஓட்டைக்கு வெடிப்பு ஓடும். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்பை அளந்து பார்த்துவிட்டுப் போங்கள். ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்டால் பெடல் இறுக்கமாகும், ஆனால் நிறுத்தும் தூரம் குறையாது. பழைய ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால் மாற்றும் சாக்கில் போடுங்கள், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து எங்கேயும் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கெலிப்பரின் வழுக்குப் பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கென்றே உள்ள கிறீஸ் பூசுவது சில நூறு ரூபாய் வேலை, ஆனால் ஒரு பேட் மட்டும் ஆப்பு மாதிரி சாய்ந்து தேய்வதற்குப் பெரும்பாலும் அந்தப் பின் இறுகியதுதான் காரணம். பின்னால் ட்ரம் உள்ள காரென்றால் லைனரைச் சரியாக அஜஸ்ட் செய்யுங்கள், இல்லாவிட்டால் பெடல் தேவையில்லாமல் ஆழமாகப் போகும்.

இவ்வளவும் செய்து, ஓட்டமும் வேகமாகி, அப்போதும் சூடு அடங்கவில்லை என்றால் முன் பம்பரில் இருந்து டிஸ்க்கின் நடுவுக்குக் காற்றுக் குழாய் இழுங்கள். அதற்குப் பிறகுதான் பஞ்சிகாவத்தைக் கெலிப்பர். லான்சருக்கு லான்சர் எவோ 5இல் இருந்து வந்த ப்ரெம்போ கெலிப்பரை ஏற்ற ஆசைப்படுபவர்கள் அதற்கு 17 அங்குல றிம் வேண்டும் என்பதையும், பெடலின் அழுத்தத்தை ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் அளவு பொருந்தாவிட்டால் பெடல் நீளும் என்பதையும், முன்னால் மட்டும் மாற்றினால் முன் பின் சமநிலை கெடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ரீகண்டிஷன் கெலிப்பர் வாங்கினால் சீல் கிட் மாற்றாமல் பூட்டாதீர்கள்.

புதுப் பேட்டை டிஸ்க்கோடு பழக்க வேண்டும். 100 வேகத்தில் இருந்து 20 வரை உறுதியாக, ஆனால் நிற்காமல், எட்டுப் பத்துத் தடவை குறைத்து, பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆற விடுவது வழக்கமான முறை. இதைத் தெற்கு அதிவேகப் பாதையில் செய்து பின்னால் வருபவரைக் கொல்லாதீர்கள், ட்ராக்கின் முதல் செஷனை இதற்கே ஒதுக்குங்கள். சூடான நிலையில் பெடலை மிதித்தபடி நின்றால் பேட்டின் பொருள் ஒரே இடத்தில் டிஸ்க்கில் ஒட்டிவிடும், அப்புறம் ஸ்டியரிங் நடுங்கும். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று கராஜில் சொல்வது பல நேரம் இதைத்தான். அதனால் ஒவ்வொரு செஷனின் கடைசிச் சுற்றையும் மெதுவாக ஓட்டுங்கள், உள்ளே வந்தபின் ஹேண்ட்பிரேக் இழுக்காமல் கியரில் போட்டு சக்கரத்துக்குக் கல் வையுங்கள். திரும்பிக் கொழும்புக்கு ஓட்டுமுன் பேட் தடிப்பையும் பெடலையும் பாருங்கள். பெடல் கொஞ்சமாவது மெதுமெதுவென்று இருந்தால் அங்கேயே ஒயில் எடுக்க ஒரு போத்தலும் டியூபும் கையோடு இருக்கட்டும்.

ப்ரியஸ், அக்வா என்ற ஹைப்ரிட் கார்களை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. அந்தக் கார்களில் மின்மோட்டாரும் சேர்ந்துதான் வேகத்தைக் குறைக்கிறது, பிரேக் அழுத்தத்தை உண்டாக்குவது மின்பம்ப், எனவே மேலே சொன்ன மிதித்துத் திறக்கும் முறை அப்படியே பொருந்தாது. ஸ்கேனர் இல்லாத கராஜில் ஒயில் நிப்பிளைத் தொட விடாதீர்கள்.