செஸ்ஸில் தாக்குதல் மாதிரியே தெரியும் வீண் நகர்த்தல்கள்

காய்களைச் சீக்கிரம் வெளியே எடுக்க வேண்டும் என்பது செஸ் ஆடும் எல்லோருக்கும் தெரியும். எந்தக் காயை எங்கே வைத்தால் எதிராளி திணறுவார் என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் சறுக்குகிறோம்.

ராணியை முதலில் கிளப்பிவிடுவது பழைய வியாதி. ஈ4, ஈ5 (எழுத்தும் எண்ணும் கட்டத்தின் பெயர்; இரண்டு பேரும் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது) ஆனதும் ராணியை எச்5-க்கு அனுப்புகிறீர்கள், அவர் சி6-ல் குதிரையை வைத்து சிப்பாயைக் காப்பாற்றுகிறார், நீங்கள் பிஷப்பை சி4-ல் வைத்து எஃப்7-ல் மேட் என்று மிரட்ட, அவர் ஜி6 தள்ள, ராணி எஃப்3-க்கு ஓடி மறுபடி மிரட்ட, அவர் நிதானமாக அடுத்த குதிரையை எஃப்6-ல் வைத்துவிடுகிறார். இப்போது பலகையைப் பாருங்கள். அவருடைய குதிரைகள் இரண்டும் வெளியே வந்தாச்சு, உங்கள் குதிரை வர வேண்டிய எஃப்3 கட்டத்தில் உங்கள் ராணியே உட்கார்ந்திருக்கிறது.

செக் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் கை பரபரக்கும், அதுவும் இதே கதைதான். அவர் டி6 ஆடியிருக்கிறார் என்பதற்காக பி5-ல் பிஷப்பை வைத்து செக் கொடுத்தால், சி6 என்று ஒரே சிப்பாயைத் தள்ளி அவர் பிஷப்பைத் துரத்திவிடுவார். அதனால் மிரட்டுவதற்கு முன், அவர் ஆடப்போகும் பதில் அவருக்கே நல்ல நகர்த்தலா என்று பாருங்கள். நல்லதென்றால் அந்த மிரட்டல் வேண்டாம்.

அப்புறம், கேஸ்லிங் செய்த (யானையைத் தாண்டி ஓரமாக ஒதுங்கிய) ராஜாவின் பக்கத்தில் இருக்கும் எஃப்7-ல் குதிரை, பிஷப் இரண்டையும் கொடுத்து யானையையும் சிப்பாயையும் வாங்குவது. மதிப்பெண் கணக்கில் (குதிரை 3, பிஷப் 3, யானை 5, சிப்பாய் 1) 6-க்கு 6 சரிதான், ஆனால் கஷ்டப்பட்டு வெளியே கொண்டுவந்த இரண்டு காய்களும் போய்விட, தாக்க ஆளே இல்லை. இதை நான் நிறைய தடவை செய்திருக்கிறேன்.

சிப்பாய் ஆசையும் உண்டு. 1858-ல் பாரிஸ் ஓபரா அரங்கில் அமெரிக்க செஸ் மேதை பால் மார்ஃபி ஆடிய ஆட்டத்தில், 8-ஆவது நகர்த்தலில் அவருடைய ராணி பி7 சிப்பாயைச் சும்மா வெட்டியிருக்கலாம். வெட்டினால் எதிராளி பி4-ல் ராணியை வைத்து செக் கொடுத்து ராணிகளை மாற்றிக்கொள்வார், தாக்குதலும் அதோடு போகும். மார்ஃபி சிப்பாயை விட்டுவிட்டு குதிரையை சி3-க்கு எடுத்தார். நானாக இருந்தால் அன்றைக்கு வெட்டியிருப்பேன், சந்தேகமே இல்லை.

அதே ஆட்டத்தின் 14-ஆவது நகர்த்தல் எனக்கு இதைவிடப் பிடிக்கும். டி7-ல் எதிராளியின் யானை, நகர்ந்தால் பின்னால் இருக்கும் ராஜாவுக்கு செக் விழும் என்பதால் நகர முடியாமல் மாட்டியிருக்கிறது, பிஷப்பால் உடனே வெட்டலாம். நம்மில் பலர் யோசிக்காமல் வெட்டுவோம். அது எங்கேயும் ஓடாது என்று தெரிந்ததால், மூலையில் தூங்கிக்கொண்டிருந்த கடைசி யானையை மார்ஃபி டி1-க்குக் கொண்டுவந்தார். எதிராளியின் எஃப்8 பிஷப்பும் எச்8 யானையும் கடைசிவரை அசையவே இல்லை. 17-ஆவது நகர்த்தலில் டி8-ல் மேட் கொடுத்தது அந்தத் தூங்குமூஞ்சி யானைதான்.