மணி அடிக்கிறது, குரல் வரவில்லை: ஆஸ்டரிஸ்க் சர்வரில் ஒருபக்கச் சத்தத்தைச் சரிசெய்வது

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தின் டெலிபோன் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். டெபியன் போட்ட ஒரு குட்டிப் பெட்டி, அதில் ஆஸ்டரிஸ்க் 20 என்ற டெலிபோன் மென்பொருள், மேசைக்கு மேசை ஐபி போன் என மொத்தம் 22. இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு இன்டர்நெட் இணைப்பையும் அதோடு இருந்த சிப் ட்ரங்கையும் (வெளி அழைப்புகளை இன்டர்நெட் வழியாகக் கொண்டுவரும் லைன்) வேறு ஒரு நிறுவனத்துக்கு மாற்றினார்கள். மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு ரிசப்ஷன் அக்கா கூப்பிட்டார், தன்னுடைய சொந்த செல்போனிலிருந்து.

“தம்பி, நாம பேசுறது அவங்களுக்குக் கேட்குதாம். அவங்க பேசுறதுதான் நமக்குக் கேட்க மாட்டேங்குது. மணியெல்லாம் நல்லாத்தான் அடிக்குது.”

கோளாறு எங்கே என்பதை அக்கா அப்போதே சொல்லிவிட்டார். எனக்குத்தான் புரிய மூன்று ராத்திரி ஆனது. ஹெட்செட் மாற்றினேன், கோடெக் (குரலை டேட்டாவாகச் சுருக்கும் முறை) மாற்றினேன், ஆஸ்டரிஸ்கையே அழித்துத் திரும்பப் போட்டேன். எதற்கும் பலனில்லை. அந்த மூன்று ராத்திரி உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

லினக்ஸ் நிறுவுவது, எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போவது, எக்ஸ்டென்ஷன் உருவாக்குவது இதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளைத் தமிழெழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். அமைப்புப் பெயர்களில் சொற்களுக்கு நடுவே இடைவெளி வரும் இடத்தில் அடிக்கோடு போட வேண்டும்.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்

இன்டர்நெட் போனில் மணி அடிப்பது ஒரு பாதை, பேச்சு போவது வேறு பாதை. யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், எடுத்தாரா, வைத்தாரா என்ற சேதியெல்லாம் சிப். வழக்கமாக யுடிபி 5060-ஆம் போர்ட். குரல் ஆர்டிபி, ஆஸ்டரிஸ்கில் இயல்பாக 10000 முதல் 20000 வரையுள்ள ஏதோ ஒரு போர்ட். ஆகவே மணி அடிக்கிறது என்பதற்காகக் குரலும் வந்துவிடும் என்று இல்லை. அடிக்காத போனையும் பேசாத போனையும் ஒரே நோயாக நினைத்து மருந்து கொடுத்ததுதான் நான் செய்த முதல் தவறு.

குரலை எங்கே அனுப்ப வேண்டும் என்ற முகவரி சிப் சேதிக்குள்ளேயே எஸ்டிபி என்ற சிறு துண்டாகப் போகிறது. நம் சர்வர் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறது. தன் முகவரி 192.168.1.10 என்றுதான் அதற்குத் தெரியும். அதையே வெளியாருக்கும் எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஊர் பேர், தெரு பேர் இல்லாமல் ‘மாடியில் மூணாவது ரூம்’ என்று முகவரி எழுதினால் தபால்காரர் என்ன செய்வார்? எதிர்முனையின் குரல் அப்படித்தான் காணாமல் போகிறது. நாம் அனுப்புவது சரியாகப் போய்ச் சேர்கிறது, ஏனென்றால் அவர்கள் கொடுத்த முகவரி சரியானது.

அப்படியானால் பழைய நிறுவனத்தோடு இரண்டு வருடம் எப்படி ஓடியது? எஸ்டிபியில் என்ன எழுதியிருந்தாலும் சட்டை செய்யாமல், நம் குரல் பாக்கெட் எந்த முகவரியிலிருந்து வருகிறதோ அதற்கே பதில் அனுப்பும் ட்ரங்க் நிறுவனங்கள் உண்டு. நம் தப்பை அவர்கள் மூடி மறைத்திருக்கிறார்கள். புது ஆள் எழுதியதை அப்படியே நம்பினார், அவ்வளவுதான். “நேத்து வரைக்கும் வேலை செஞ்சுதே” என்ற பேச்சுக்குச் சர்வர் உலகத்தில் பெரிய மதிப்பில்லை.

படி 1: வீட்டுக்குள் எல்லாம் சரியா?

உள்ளேயிருக்கும் ஒரு போனிலிருந்து எக்கோ சோதனைக்கு அழையுங்கள். ஃப்ரீபிபிஎக்ஸ் (ஆஸ்டரிஸ்கை பிரவுசரிலிருந்தே அமைக்கும் முகப்பு) வைத்திருந்தால் ஸ்டார் 43. வெறும் ஆஸ்டரிஸ்க் என்றால் ஒரு எண்ணுக்கு ஆன்சர், எக்கோ என்று இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் பேசுவது உங்களுக்கே திரும்பக் கேட்டால் போன், ஹெட்செட், சுவிட்ச், கேபிள் எதுவும் குற்றவாளி இல்லை. அரை நிமிட வேலை. இதை முதலில் செய்திருந்தால் அக்காவுக்கு நான் புது ஹெட்செட் வாங்கிக் கொடுத்திருக்க மாட்டேன்.

படி 2: பாக்கெட்டைப் பாருங்கள் (நான் சறுக்கிய இடம்)

எஸ்என்ஜிரெப் என்ற கருவியை நிறுவுங்கள். டெபியன், உபுண்டுவில் ‘சூடூ ஆப்ட் இன்ஸ்டால் எஸ்என்ஜிரெப்’. வயர்ஷார்க் பெரிய கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் சர்வரில் பிடித்து, கோப்பாக்கி, லேப்டாப்புக்கு இழுத்து, திறந்து பார்ப்பதற்குள் முதலாளி நான்கு தடவை கூப்பிட்டுவிடுவார். எஸ்என்ஜிரெப் கருப்புத் திரையிலேயே யார் யாருக்கு என்ன சொன்னார்கள் என்று அம்புக்குறி போட்டுக் காட்டிவிடும்.

‘சூடூ எஸ்என்ஜிரெப்’ என்று ஓட்டி, வெளியே ஒரு செல்போனுக்கு அழையுங்கள். பட்டியலில் அந்த அழைப்பு தெரியும். என்டர் தட்டினால் சேதிகள் வரிசையாக வரும். சேதியின் அடிப்பகுதியில் ‘சி=’ என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். குரலுக்கான முகவரி அதுதான். கீழே ‘எம்=’ என்று தொடங்கும் வரியில் போர்ட் எண் இருக்கும்.

இங்கேதான் ஒரு ராத்திரி முழுக்க வீணானது. வெளியிலிருந்து உள்ளே வந்த ஒரு அழைப்பை எடுத்து, அதன் இன்வைட் சேதியை (அழைப்பைத் தொடங்கும் முதல் சேதி) பார்த்தேன். ‘சி=’ வரியில் அழகான பொது முகவரி. “முகவரி சரி, கோளாறு வேறெங்கோ” என்று முடிவு கட்டி கோடெக் பக்கம் போய்விட்டேன். அது ட்ரங்க் நிறுவனத்தின் முகவரி! நம் முகவரி நாம் அனுப்பும் சேதியில்தான் இருக்கும். நாம் வெளியே அழைத்தால் நம் இன்வைட்டில் பாருங்கள். அவர்கள் நம்மை அழைத்தால் நாம் பதிலாக அனுப்பும் 200 ஓகேயில் (‘போனை எடுத்தாயிற்று’ என்ற சேதி) பாருங்கள். அம்பு நம்மிடமிருந்து கிளம்புகிறதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். அந்தச் சேதியில் 192.168, 10, அல்லது 172.16 முதல் 172.31 வரை தொடங்கும் முகவரி இருந்தால் நோய் இதுதான்.

படி 3: பொது முகவரியைச் சொல்லிக் கொடுப்பது

ஆஸ்டரிஸ்கில் சிப்பைக் கவனிக்கும் பகுதி பிஜேசிப். அதன் பிஜேசிப் டாட் கான்ஃப் கோப்பைத் திறந்து (நேனோ போதும், விம் பக்தர்கள் மன்னிக்கவும்) டிரான்ஸ்போர்ட் பகுதிக்குப் போங்கள். மூன்று வரி வேண்டும்:

எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸ் = 203.0.113.25
எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸ் = 203.0.113.25
லோக்கல் நெட் = 192.168.1.0/24

203-இல் தொடங்குவது உதாரணம். உங்கள் பொது முகவரியைப் போடுங்கள். ஃப்ரீபிபிஎக்ஸில் இவை ‘ஆஸ்டரிஸ்க் சிப் செட்டிங்ஸ்’ பக்கத்தில் இருக்கின்றன.

மூன்றாவது வரியை நான் முதலில் போடவில்லை. ‘லோக்கல் நெட் நம்ம நெட்வொர்க்தானே, அதுக்கே தெரியாதா’ என்ற மிதப்பு. தெரியாது. அந்த வரி இல்லாவிட்டால் பிஜேசிப் எல்லோரையும் வெளியாராகவே நினைக்கிறது. வெளி அழைப்புகள் உடனே சரியாகின, நானும் டீ குடிக்கக் கிளம்பினேன். பத்து நிமிடத்தில் முதலாளி தன் கேபினிலிருந்து குடோனைக் கூப்பிட்டிருக்கிறார், மயான அமைதி. அடுத்த மேசையில் இருக்கும் போனிடமும் சர்வர் “குரலை என் பொது முகவரிக்கு அனுப்பு” என்று சொல்லியிருக்கிறது. போன் ரவுட்டரிடம் அனுப்ப, வெளி முகவரிக்குக் கிளம்பிய பாக்கெட்டை வந்த வழியே உள்ளே திருப்பிவிட எங்கள் ரவுட்டருக்குத் தெரியவில்லை.

அடுத்தது, ட்ரங்க்கின் எண்ட்பாயின்ட் பகுதியில் டைரக்ட் மீடியா = நோ, ஆர்டிபி சிமெட்ரிக் = எஸ். முதலாவது, குரல் எப்போதும் சர்வர் வழியாகவே போக வேண்டும் என்பதற்கு. இரண்டாவது, பழைய நிறுவனம் நமக்குச் செய்த உபகாரத்தை நாமும் எதிர்முனைக்குச் செய்வதற்கு.

டிரான்ஸ்போர்ட்டில் கைவைத்தால் ரீலோடை நம்பாதீர்கள். அலோ ரீலோட் என்ற அமைப்பு இயல்பாகவே ‘நோ’ நிலையில்தான் இருக்கிறது, நடந்துகொண்டிருக்கும் அழைப்புகள் அறுந்துவிடக்கூடாது என்பதற்காக. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்டரிஸ்கை முழுசாக ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

படி 4: ரவுட்டர்

இரண்டு வேலை. சிப் ஏஎல்ஜி என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். உதவி செய்கிறேன் பேர்வழி என்று சிப் சேதிக்குள் புகுந்து முகவரிகளைத் திருத்தும் அம்சம் அது. நாம் ஏற்கெனவே சரியாக எழுதியதை மறுபடி திருத்திக் கெடுக்கவும் செய்யும். என் கணக்கில் அதை அணைத்து யாரும் கெட்டதில்லை.

பிறகு, ஆர்டிபி போர்ட்களை சர்வருக்குத் திருப்பிவிடுங்கள். 10000 முதல் 20000 வரை அத்தனையும் தேவையில்லை. சர்வர் வழியாகப் போகும் ஒரு அழைப்புக்கு இரண்டு கால்கள், ஒவ்வொரு காலுக்கும் குரலுக்கு ஒன்று, அதன் கணக்குவழக்குக்கு ஒன்று என இரண்டு போர்ட். ஆக அழைப்புக்கு நான்கு. ஒரே நேரத்தில் 20 பேர் பேசினாலும் 80. நான் ஆர்டிபி டாட் கான்ஃபில் ஆர்டிபிஸ்டார்ட் 10000, ஆர்டிபிஎண்ட் 10200 என்று சுருக்கிவிட்டு, ரவுட்டரிலும் அதே எண்களைப் போட்டேன். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் சுருக்கி மற்றதில் விட்டுவிட்டால் சில அழைப்பு கேட்கும், சில கேட்காது, பைத்தியம் பிடித்துவிடும்.

5060-ஐ ஊருக்கே திறந்து வைக்காதீர்கள். ட்ரங்க் நிறுவனம் கொடுத்த முகவரிகளுக்கு மட்டும். திறந்து வைத்தால் கடவுச்சொல்லைத் துழாவும் ஸ்கேனர்கள் வந்துவிடும், மாதக் கடைசியில் நீங்கள் பேசாத வெளிநாட்டு அழைப்புகளுக்கு பில் வரும்.

இன்னும் கேட்கவில்லையா?

இரண்டு ஜன்னல் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் டிசிபிடம்ப் (சர்வருக்கு வரும் பாக்கெட்டைக் காட்டும் கருவி), யுடிபி 10000 முதல் 10200 வரை. இன்னொன்றில் ஆஸ்டரிஸ்க் கன்சோல், அதில் ‘ஆர்டிபி செட் டீபக் ஆன்’. அழைத்துப் பாருங்கள்.

டிசிபிடம்பிலேயே வெளியிலிருந்து எதுவும் வரவில்லை என்றால் கோளாறு ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ. டிசிபிடம்பில் வருகிறது, ஆஸ்டரிஸ்கில் ‘காட் ஆர்டிபி பாக்கெட்’ வரவில்லை என்றால், சர்வரின் சொந்த ஃபயர்வால் தடுக்கிறது. உள்ளே வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் ஃபயர்வாலுக்கு முன்பே பார்த்துவிடும். இது தெரியாமல் “பாக்கெட்தான் வருதே” என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் பலர். இரண்டிலும் வருகிறது, ஆனாலும் காதில் விழவில்லை என்றால், அப்போதுதான் கோடெக் பக்கம் போங்கள். இந்தியாவில் ஏ-லா என்ற கோடெக்கை வைத்தாலே பெரும்பாலும் போதும்.

பிற்சேர்க்கை 1: “குரல் கேட்கிறது, ஆனால் சரியாக 32 நொடியில் அறுந்துவிடுகிறது” என்று பின்னூட்டத்தில் இரண்டு பேர். அந்த 32 சும்மா வந்த எண் இல்லை. 200 ஓகே அனுப்பியவருக்கு ஏக் என்ற ஒப்புகை வர வேண்டும். வராவிட்டால் சிப் விதிப்படி அரை நொடியின் 64 மடங்கு வரை திரும்பத் திரும்ப அனுப்பிவிட்டு அழைப்பை முடித்துவிடும். நீங்கள் எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸை மட்டும் போட்டுவிட்டு சிக்னலிங் வரியை விட்டிருப்பீர்கள். 200 ஓகேயில் கான்டாக்ட் வரியைப் பாருங்கள், உள் முகவரி இருக்கும்.

பிற்சேர்க்கை 2: வீட்டிலிருந்து விபிஎன் வழியாக வேலை செய்பவருக்கு மட்டும் குரல் இல்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். விபிஎன் நெட்வொர்க்குக்கும் ஒரு லோக்கல் நெட் வரி வேண்டும். ஓபன்விபிஎன் என்றால் பெரும்பாலும் 10.8.0.0/24. ஃப்ரீபிபிஎக்ஸில் தானாகக் கண்டுபிடிக்கும் பொத்தானை அழுத்திவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், பட்டியலை ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

பிற்சேர்க்கை 3: கிளை அலுவலகத்தில் அரை மணிக்கொருமுறை எல்லா போனும் சேர்ந்து செத்துப்போகிறதாம். அது நாட் (உள் முகவரியைப் பொது முகவரியாக மாற்றும் ரவுட்டர் வேலை) கோளாறு இல்லை, ஃபெயில்2பேன், தப்பான கடவுச்சொல்லோடு திரும்பத் திரும்ப வரும் முகவரியைத் தடைசெய்யும் காவலாளி. ஸ்டோர் ரூமில் யாரும் தொடாத ஒரு பழைய போன், பழைய கடவுச்சொல்லோடு திரும்பத் திரும்ப கதவைத் தட்டியிருக்கிறது. கிளை முழுக்க ஒரே பொது முகவரி என்பதால் தடை எல்லோருக்கும் விழுந்தது. ‘ஃபெயில்2பேன்-கிளையன்ட் ஸ்டேட்டஸ்’ கொடுத்தால் சிறைகளின் (தடை விதிகளின்) பெயர்கள் வரும். அவற்றில் ஆஸ்டரிஸ்க் சிறையைப் பாருங்கள். இக்னோர்ஐபி வரியில் கிளை முகவரியைச் சேர்ப்பதற்கு முன் அந்த போனின் ஒயரைப் பிடுங்குங்கள்.

பிற்சேர்க்கை 4: எல்லாம் செய்தும் ஒன்றும் நடக்காதவர்கள் ரவுட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் உங்கள் ரவுட்டருக்கு மேலே நிறுவனத்தின் இன்னொரு நாட் உட்கார்ந்திருக்கிறது. போர்ட் திருப்புவதெல்லாம் வீண். மாதம் கொஞ்சம் காசு கூடக் கேட்பார்கள், ஸ்டாட்டிக் ஐபி வாங்கிவிடுங்கள். வந்ததும் படி 3-இல் போட்ட இரண்டு எண்களையும் மாற்றி, மறுபடி ரீஸ்டார்ட்.